வலையா? உள்ளுறையா?

கணிப்பொறிக்குக் கண்ணில்லை, தடவிப் பார்க்கக் கையும் இல்லை. ஒரு பலாப்பழத்தை அதன் முன் வைத்து, "இதுதான் வடிவம், நன்றாகப் பார்த்துக்கொள்" என்று சொல்ல முடியாது. அதற்குத் தெரிந்தவை எண்களே. அப்படியிருந்தும் திரையில் யானை நடக்கிறது, கோபுரம் சுழல்கிறது, மருத்துவமனையில் நம்முடைய மண்டையோட்டையே திருப்பித் திருப்பி நமக்குக் காட்டுகிறார்கள். வெறும் எண்களிலிருந்து நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய உருவம் எழுவது எவ்வாறு? கலை மாணவர், அறிவியல் மாணவர் என்ற வேறுபாடின்றி இன்று நம்மிற் பலர் கைப்பேசியைக் கொண்டே இத்தகைய உருவங்களைச் செய்து பார்க்கின்றனர். உள்ளே நடப்பது என்ன என்று கேட்போர் சிலரே. கேட்டால் சுவையுண்டு, கேளாவிட்டால் ஒரு தீங்கும் உண்டு. தீங்கைப் பின்னால் சொல்கிறேன்.

வழிகள் பல இருப்பினும், ஒன்றோடொன்று போட்டியிடுவன பெரும்பாலும் இரண்டு.

முதலாவது வலை. பொழியூர்க் கடற்கரையில் உலரும் மீன்வலை ஒன்றை எடுத்து ஒரு பாறையின்மேல் இறுக்கிப் போர்த்துவதாக வைத்துக்கொள்வோம். பாறையின் மேடு பள்ளம் எல்லாம் வலையிலே தெரியும். ஒவ்வொரு முடிச்சும் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த முடிச்சோடு எது சேர்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டால், பின்பு பாறை இல்லாவிட்டாலும் அதன் உருவத்தை எழுப்பலாம். கணிப்பொறியில் வலையின் கண்ணிகள் பெரும்பாலும் முக்கோணங்களே. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் கிடக்கும். நான்கு புள்ளிகள் அப்படிக் கிடக்குமென்று உறுதியில்லை. முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும் என்பது நம் விடுதியில் உண்போர் அனைவரும் நாள்தோறும் மெய்ப்பிக்கும் உண்மையன்றோ?

இரண்டாவது வழி விந்தையானது. அது பரப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. வெளியில் உள்ள எந்த இடத்தைச் சுட்டினாலும் அந்த இடத்துக்கு ஓர் எண்ணைத் தரும் விதி ஒன்றை மட்டும் எழுதுகிறது. பொருளுக்கு உள்ளே இருக்கும் இடமானால் குறை எண். வெளியே இருக்கும் இடமானால் மிகை எண். எண் பூச்சியமாகும் இடங்கள் எவையோ அவையே பரப்பு. பாடநூலில் உட்படு சார்பு என்று படித்திருப்பீர்கள். நான் இதை உள்ளுறைப் பரப்பு என்றே சொல்ல விரும்புகிறேன். சங்கப் பாடல்களைப் படித்த மாணவருக்கு உள்ளுறை இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. கூறாமலே பெறவைப்பது அது. இங்கும் பரப்பு கூறப்படுவதில்லை, பெறப்படுகிறது.

இவ்விரண்டில் எது சிறந்தது? இதற்கு விடை காண எங்கள் ஊருக்கு வந்தால் போதும்.

நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்பை நாடி வந்து பாறசாலையில் பாத்திரக் கடை வைத்த குடும்பம் எங்களுடையது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் பாறசாலை. இன்னும் தெற்கே இஞ்சிவிளை. அதையும் கடந்தால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதுவரை இரண்டு வட்டங்களுக்கு இடையே கிடந்த எல்லை, ஒரே நாளில் இரண்டு மாநிலங்களுக்கு இடையே கிடக்கும் எல்லையாயிற்று. எங்கள் பக்கத்தில் அது வாழைத் தோட்டத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து செல்கிறது.

இந்த எல்லையை ஒருவர் பதிவு செய்ய வேண்டும் என்க. ஒன்று செய்யலாம். எல்லைக் கல் ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, முதற் கல்லிலிருந்து இரண்டாம் கல், இரண்டிலிருந்து மூன்று என்று வரிசையாகக் கோடு இழுத்துக்கொண்டே போகலாம். இது வலை வழி. மற்றொன்றும் செய்யலாம். கல்லையே தேடாமல் வீடு வீடாகச் சென்று குடும்ப அட்டையைக் காட்டச் சொல்லலாம். கேரள அட்டையானால் மிகை. தமிழ்நாட்டு அட்டையானால் குறை. எல்லை எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்று மிகையும் மற்றொன்று குறையுமாக இருந்தால், அவ்விரண்டுக்கும் நடுவே எல்லை சென்றே ஆகவேண்டும். இது உள்ளுறை வழி.

"இந்த வீடு எந்த மாநிலம்?" என்று கேளுங்கள். அட்டை உடனே விடை சொல்லும். கற்களின் பட்டியல் சொல்லாது. பட்டியலை வைத்திருப்பவர் அந்த வீட்டிலிருந்து, கேரளம் என்று ஐயமின்றித் தெரிந்த ஓரிடத்துக்கு, நெய்யாற்றின்கரைப் பேருந்து நிலையத்துக்கு என்று கொள்வோம், ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். அக்கோடு எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ண வேண்டும். இரட்டைப்படை எனில் வீடு கேரளம். ஒற்றைப்படை எனில் தமிழ்நாடு. கணிப்பொறியும் வலையை வைத்துக்கொண்டு உள்ளே, வெளியே என்று அறிய இதைத்தான் செய்கிறது.

இப்போது வேறு கேள்வி கேளுங்கள். "எல்லையை ஒட்டியே நடந்து போகவேண்டும், வழி காட்டு." கற்களின் பட்டியல் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். அட்டை வைத்திருப்பவரோ ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டித் தட்டித்தான் நடக்க வேண்டும்.

ஆகவே எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எது என்பதைப் பொறுத்தது அது. எல்லையில் நடக்க வேண்டுமா, எந்தப் பக்கம் என்று அறிய வேண்டுமா?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அட்டையைக் கேளாமல், வீட்டிலே பேசும் மொழியைக் கேட்டு மிகையும் குறையும் இட்டுப் பாருங்கள். முற்றிலும் வேறொரு கோடு கிடைக்கும். கோடு மட்டுமா? கேரளத்துக்குள்ளே தமிழ்த் தீவுகளும், தமிழ்நாட்டுக்குள்ளே மலையாளத் தீவுகளும் தோன்றும். கற்களால் எழுதுவோர் ஒவ்வொரு தீவுக்கும் தனிப் பட்டியல் போட வேண்டும். ஒரு தீவு இன்னொன்றோடு சேர்ந்தால் இரண்டு பட்டியலையும் அறுத்து ஒட்ட வேண்டும். விதியால் எழுதுவோர்க்கு அந்தத் தொல்லை இல்லை. தீவு தானே பிறக்கும், தானே சேரும். (எங்கள் வீட்டில் அப்பாவைக் கேட்டால் குறை, மலையாளப் பள்ளியில் படிக்கும் தங்கையைக் கேட்டால் மிகை. எல்லை எங்கள் சமையலறை வழியாகப் போகிறது போலும்!)

தரையை விட்டு மூன்று பரிமாணத்துக்கு வருவோம். எளிய உருவம் உருண்டை. ஆரம் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளுறை விதி இது: மையத்திலிருந்து ஓர் இடத்தின் தொலைவைக் கண்டு, அதிலிருந்து 5ஐக் கழி. கிழக்கே 3, வடக்கே 4, உயரம் 0 என்ற இடத்தை எடுங்கள். 9, 16, 0 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 25, வர்க்கமூலம் 5, கழித்தால் பூச்சியம். அந்த இடம் உருண்டையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. கிழக்கே 1, வடக்கே 2, உயரம் 2 எனில் தொலைவு 3. விடை குறை 2. உள்ளே இருக்கிறோம், பரப்பு இன்னும் 2 அடி. கிழக்கே 2, வடக்கே 3, உயரம் 6 எனில் தொலைவு 7. விடை மிகை 2. வெளியே வந்துவிட்டோம். உருண்டை முழுவதையும் சொல்ல நான்கே எண்கள் போதும்: மையத்தின் மூன்று எண்கள், ஆரம் ஒன்று.

அதே உருண்டையை வலையாகச் செய்வோமா? 12 முனைகளும் 20 முக்கோணங்களும் உடைய உருவத்தில் தொடங்கி, ஒவ்வொரு முக்கோணத்தையும் நான்காக வெட்டி, புதிய முனைகளை வெளித்தள்ளி உருட்டுவது வழக்கம். 20 என்பது 80, 320, 1,280, 5,120, 20,480 என்று வளரும். 20,480 முக்கோணங்கள் ஆனபோது முனைகள் 10,242. அத்தனையும் எழுதியும் அது உருண்டை அன்று, உருண்டை போன்றது. கிட்டச் சென்று பார்த்தால் ஓரத்தில் பட்டை தெரியும்.

அப்படியானால் வலையை ஏன் விடாமல் பிடித்திருக்கிறோம்? கணிப்பொறியின் கிராபிக்ஸ் அட்டை முக்கோணம் வரைவதற்கென்றே வளர்க்கப்பட்ட பிறவி. முக்கோணங்களை இலட்சக்கணக்கில் கொடுத்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வரைந்துவிடும். யானையின் காலை மடக்க வேண்டுமா? முடிச்சுகளை நகர்த்தினால் போதும். மரப்பட்டையின் படத்தை மேலே ஒட்ட வேண்டுமா? வலையை வெட்டி விரித்து, தையற்காரர் துணியில் வடிவம் வெட்டுவதுபோல் ஒட்டலாம். உள்ளுறைப் பரப்புக்கு விரிக்கத் துணியே இல்லையே!

உள்ளுறையை நேரே திரையில் காட்டவும் ஒரு வழியுண்டு. 1996இல் ஜான் ஹார்ட் என்பவர் அதை விளக்கி எழுதினார். இருட்டறையில் நிற்கிறீர்கள், "எப்பக்கம் சென்றாலும் 4 அடிக்குள் சுவர் இல்லை" என்று ஒருவர் சொல்கிறார். அஞ்சாமல் 4 அடி எடுத்து வைக்கலாம். மீண்டும் கேட்கிறீர்கள், "1 அடி" என்கிறார். 1 அடி. பின்பு கால் அடி. சுவரைத் தொட்டுவிட்டீர்கள். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பார்வைக் கோட்டை அனுப்பி, விதி சொல்லும் எண்ணளவே அடியெடுத்து வைத்து, பரப்பைத் தொடுவதே அம்முறை. அழகான முறை, ஆனால் விதி நீண்டதாயின் பொறி திணறும்.

இனி எங்கள் வட்டாரத்துப் பொருள்கள் சிலவற்றை வைத்துத் தேர்ந்து பார்ப்போம்.

பாறசாலைக்கு அருகே செங்கல் என்னும் ஊரில் மகேசுவரம் சிவபார்வதி கோயிலில் 111 அடிக்கு மேல் உயரமுள்ள சிவலிங்கக் கட்டடம் எழுந்துள்ளது. உள்ளே நிலை நிலையாக ஏறிச் செல்லலாம். நுண்ணிய வேலைப்பாடுகளை விட்டுவிட்டுப் புற உருவத்தை மட்டும் கொண்டால், உருளை ஒன்று, அதன் தலையில் அரை உருண்டை. நடு அச்சிலிருந்து தொலைவைக் கண்டு ஆரத்தைக் கழித்தால் விதி முடிந்தது. உள்ளே குடைய வேண்டுமா? சற்றுச் சிறிய ஆரத்தோடு இன்னொரு விதி எழுதி, அதன் குறியை மாற்றி, இரண்டு விடைகளில் பெரியதை எடுத்துக்கொள்க. குடைந்தாயிற்று. சேர்ப்பதற்குச் சிறியதை எடு. குடைவதற்கு, குடைபொருளின் குறியை மாற்றிவிட்டுப் பெரியதை எடு. இவ்வளவே. இதையே வலையில் செய்ய, இரண்டு வலைகள் வெட்டும் கோட்டைக் கண்டு, அறுத்து, தைத்து, தையல் பிரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ மென்பொருள்கள் தடுக்கி விழும் இடம் அது.

சேம்பிலையில் இரண்டு நீர்த்துளிகள் உருண்டு வந்து ஒன்றாவதைப் பார்த்திருப்பீர்கள். தனித்தனியே இருந்தவை கழுத்து ஒட்டி, பின் கழுத்தும் மறைந்து ஒரே துளியாகும். உள்ளுறைக்கு இது விளையாட்டு. அணுக்கள் கூடி மூலக்கூறு ஆவதைக் காட்ட 1982இல் ஜேம்ஸ் பிளின் என்பவர் இத்தகைய குழைவான பரப்புகளைப் பற்றி எழுதினார். வலைக்கோ இது பெரும் துன்பம்.

ஆனால் பாலராமபுரத்துக்கு வாருங்கள். அதுவும் நெய்யாற்றின்கரை வட்டமே. பாலராம வர்மரின் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த கைத்தறி ஊர். அங்கு நெய்யும் கசவு வேட்டியைக் கொடியில் உலர்த்தியிருக்கிறார்கள். அதற்கு உள்ளே எது, வெளியே எது? இரண்டு பக்கமும் காற்றே! உள்ளுறை விதி இங்கே வாயடைத்து நிற்கும். தடிமன் இருப்பதாகப் பொய்யாக ஒன்றைக் கற்பித்தால்தான் அது பேசும். துணி, இலை, காகிதம் போன்ற மெல்லிய திறந்த பரப்புகளுக்கு வலையே இயல்பானது.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகவும் பாலம் உண்டு. 1987இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணிபுரிந்த வில்லியம் லோரன்சன், ஹார்வி கிளைன் ஆகிய இருவர் அமைத்த பாலம் அது. வெளியைச் சிறு சிறு கனசதுரங்களாக அறுத்து, ஒவ்வொன்றின் எட்டு மூலைகளிலும் விதியின் எண்ணைக் கேட்கிறார்கள். மூலை ஒன்றுக்கு மிகை அல்லது குறை. எட்டு மூலைகளுக்கு 256 வகை. சுழற்றினால் ஒன்றாகும் வகைகளையும் மிகை குறை மாறியவற்றையும் தொகுத்தால் 15 வகைகளில் அடங்கிவிடும். ஒவ்வொரு வகைக்கும் முக்கோணங்களை எப்படி இடுவது என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். ஒரு மூலையில் குறை 2, அடுத்த மூலையில் மிகை 3 எனில், விளிம்பை ஐந்து பங்காக்கி முதல் மூலையிலிருந்து இரண்டாம் பங்கின் முடிவில் முடிச்சு. நம் குடும்ப அட்டைக் கணக்கேதான்! அட்டையில் "எல்லைக்கு இத்தனை தொலைவு" என்றும் எழுதியிருந்தால் எல்லை எவ்வளவு நுட்பமாகக் கிடைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பாலத்துக்குச் சுங்கமும் உண்டு. கனசதுரங்களை ஒவ்வொரு திசையிலும் 256 வைத்தால் மொத்தம் 1,67,77,216. நுட்பம் இரு மடங்கு வேண்டுமென்று 512 வைத்தால் 13,42,17,728. எட்டு மடங்கு! பரப்பில் மட்டும் கிடக்கும் வலையோ நான்கு மடங்குதான் பெருகும். கூரிய விளிம்புகளும் இம்முறையில் மழுங்கிப்போகும். அதைச் சரிசெய்யப் பின்னால் வேறு முறைகள் வந்தன.

அவ்விருவரும் இதை அமைத்தது மருத்துவத்துக்காக. ஊடுகதிர்களைப் பல கோணங்களில் செலுத்தி உடலுக்குள் ஒவ்வோர் இடத்தின் அடர்த்தியையும் கணிக்கும் பொறி 1971இல் மருத்துவமனைக்கு வந்தது. அதே 1971இல், நிழல்களிலிருந்து உள்ளடர்த்தியை விரைவாகக் கணிக்கும் ஒரு முறையை ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து வெளியிட்டார்கள். அவர்கள் பெயர்களின் முதற் பகுதிகளைச் சேர்த்து ராம்-லேக் வடிப்பி என்று இன்றும் உலகம் வழங்குகிறது. கொல்லாசன் என்னும் புரதத்தின் முப்புரிக் கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து கண்டறிந்த அதே இராமச்சந்திரன்தான். தமிழ்க் குடும்பத்தில், எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்தவர். கேரளத்தில் பிறந்த தமிழர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று எண்ணிக்கொள்கிறேன். இவ்வகைப் பொறி தருவது இடத்துக்கு ஓர் எண்; அஃதாவது பிறவியிலேயே உள்ளுறை. ஓர் அளவைத் தேர்ந்தால் தோல் தெரியும். வேறோர் அளவைத் தேர்ந்தால் எலும்பு தெரியும்.

இனி முன்பு சொன்ன தீங்குக்கு வருகிறேன்.

கைப்பேசிப் படங்களிலிருந்தும் லேசர் அளவையிலிருந்தும் நமக்குக் கிடைப்பவை பரப்பின்மேல் சிதறிய புள்ளிகள் மட்டுமே. அவற்றிலிருந்து பரப்பைப் பெற இரண்டு வழிகள். அருகருகே உள்ள புள்ளிகளை நேரே முக்கோணங்களாக இணைத்துவிடலாம். புள்ளி விழாத இடத்தில் ஓட்டை விழும். அல்லது, எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் உள்ளுறை விதி ஒன்றைக் கண்டு, அதன் பூச்சியத்தைப் பரப்பாக எடுக்கலாம். பாய்சான் சமன்பாட்டைக் கொண்டு இதைச் செய்யும் முறையைக் கஷ்டான், பொலித்தோ, ஹோப்பே ஆகிய மூவர் 2006இல் வெளியிட்டனர். இன்று பல மென்பொருள்கள் ஓசைப்படாமல் இதையே பயன்படுத்துகின்றன. விளைவு பார்வைக்கு அழகு. கரடுமுரடு தணிந்து, ஓட்டை ஒன்றுமில்லாமல், வழுவழுப்பாக மூடிக்கிடக்கும். உள்ளே, வெளியே என்று பிரிக்கும் விதி ஓட்டையோடு நிற்க விரும்பாது. ஆகவே எவரும் பாராத இடத்திலும் பரப்பை இட்டு நிரப்பிவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டில் வயதான பலா ஒன்று உண்டு. அடிமரத்தில் பெரிய பொந்து. பொத்து என்பர் மலையாளத்தில். அதனுள்ளே பாட்டியின் கோழி அடைகாக்கிறது. மரத்தைச் சுற்றி வந்து 140 படங்கள் எடுத்தேன். பொந்தின் உள்ளே வெளிச்சம் இல்லை. அங்கே புள்ளிகள் விழவில்லை. இரண்டு முறைகளிலும் உருவம் செய்து ஒப்பிட்டேன். நேரே இணைத்த வலையில் பொந்தின் இடத்தில் கிழிந்த துணிபோல் ஓட்டை; சுற்றிலும் பிசிறு. பாய்சான் முறையிலோ பொந்தே இல்லை! பட்டையின் மேடு பள்ளம் அங்கே மட்டும் மெல்லத் தேய்ந்து, மெழுகி மூடியதுபோல் ஒரு மூடி. அழகான மரத்தைத்தான் முதலில் பாட்டிக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மரம் நல்லாத்தான் இருக்கு. பொந்து எங்கே மக்களே? கோழி எப்படி உள்ளே போவும்?"

இதைவிடக் கூர்மையான திறனாய்வை நான் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை.

கோழிக்காக மட்டும் சொல்லவில்லை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சி பிலாவு என்னும் பலாமரத்தின் பட்டுப்போன அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. பிலாவு என்பது நம் பலாவே. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், அரியணை ஏறுமுன் எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களிடமிருந்து தப்பி, அம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது இவ்வட்டார வழக்கு. அந்த அடிமரத்தின் சிறப்பு எங்கே இருக்கிறது? மரத்திலா? இல்லை, அதன் வெறுமையிலே இருக்கிறது. மரம் கரையானுக்கும் மழைக்கும் எவ்வளவு காலம் தாங்கும் என்று எவர் சொல்ல முடியும்? நாளை ஒருவர் அதை அளந்து பதிவு செய்து, உள்ளே ஒளி செல்லாத மூலைகளை மென்பொருள் மூடிவிட, அவர் கவனியாமல் விட்டுவிட்டால்? ஐம்பது ஆண்டுக்குப் பின் மரமும் இல்லை. பதிவில் பொந்தும் இல்லை. இளவரசர் எங்கே ஒளிவார்?

இது பெரிய இடத்துக்கும் உள்ள இடர்ப்பாடே. மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழுவினர் 1998–99இல் இத்தாலியில் லேசரால் அளந்தார்கள். 5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தாவீதின் சிலைக்கு ஏறத்தாழ 200 கோடிக் கண்ணிகள் கொண்ட பதிவு கிடைத்தது. அவ்வளவு செய்தும், உளி சென்ற இடுக்குகள் எல்லாவற்றிலும் லேசர் செல்லவில்லை. ஓட்டைகளை உள்ளுறை முறையால் எப்படி நிரப்புவது என்பதே பின்னர் தனி ஆய்வாயிற்று.

2019 முதல் இன்னும் துணிவான முறைகள் வந்துள்ளன. விதியை நாம் எழுதுவதில்லை. ஆயிரக்கணக்கான உருவங்களைக் காட்டிப் பயிற்றிய நரம்பு வலைப்பின்னல் ஒன்றே விதியாக நிற்கிறது. பாதி நாற்காலியைக் காட்டினால் மீதியைத் தானே வருவிக்கும். நாற்காலிக்கு அது நன்று. நாற்காலிகள் ஒன்றையொன்று ஒத்தவை. அம்மச்சி பிலாவை ஒத்த மரம் வேறு உண்டா? பிற மரங்களைப் பார்த்துக் கற்ற பொறி, தான் பார்த்த மரங்களின் பட்டையை இதன்மேல் ஒட்டிவிடும். பாய்சான் முறையின் மூடி வழுவழுப்பாக இருப்பதால் கண்டுகொள்ளலாம். இது மெய்ப்பட்டை போலவே இருப்பதால் கண்டுகொள்ளவும் முடியாது.

என் தீர்ப்பு இது. நாமே வடிவமைக்கும் பொருளுக்கும், குடைதல், சேர்த்தல், குழைத்தல் நிறைந்த உருவத்துக்கும் உள்ளுறை. உடலுக்குள் பார்க்கும் மருத்துவப் பதிவு பிறவியிலேயே உள்ளுறை. கண்ணுக்குக் காட்டும்போது மட்டும் வலையாக்கிக்கொள்ளலாம். ஆட்டம், நாடகம், துணி, இலை ஆகியவற்றுக்கு வலை. அழியப்போகும் ஒரு பொருளின் பதிவுக்கு ஓட்டையோடு கூடிய வலை. அழகு குறைந்தாலும் குறையட்டும். பார்த்தது எது, பாராதது எது என்று அது காட்டிக்கொடுக்கும்.

உள்ளுறை முறையை விடவே முடியாது என்போர்க்கும் ஒரு வழியுண்டு. ஒவ்வொரு முடிச்சுக்கும் அருகே எத்தனை புள்ளிகள் இருந்தன என்ற அடர்த்தியையும் பாய்சான் முறை சேர்த்தே கணிக்கிறது. அடர்த்தி மிகக் குறைந்த பகுதியை வெட்டி எறியலாம். அல்லது வேறு நிறத்தில் காட்டலாம். விலையின்றிக் கிடைக்கும் மெஷ்லேப் என்ற மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். நான் பலாமரத்தின் நிரப்பிய பகுதிக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். பிறகு ஒரு நாள், கோழி குஞ்சுகளோடு வெளியேறியபின், கைவிளக்கை உள்ளே வைத்து மேலும் 60 படங்கள் எடுத்தேன். சிவப்பு பெருமளவு சுருங்கி, மேலே ஒரு கையளவு மட்டும் நிற்கிறது. அந்த இடத்துக்குக் கையும் எட்டவில்லை, ஒளியும் எட்டவில்லை.

மூலப் படங்கள், புள்ளிகள், இரண்டு உருவங்கள் எல்லாவற்றையும் சங்க அறைக் கணிப்பொறியில் வைத்திருக்கிறேன். செய்து பார்க்க விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம். வரும் விடுமுறையில் பாறசாலைக்கு வருவோர் முன்கூட்டியே சொன்னால், பலாச்சுளைக்குப் பாட்டியிடம் சொல்லி வைக்கிறேன்.